களவு என்னும் சொல்லும் அது எமக்குக் கூறும் பாடமும்

ஆலய தர்மகர்த்தா சபை உறுப்பினர் ஒருவர்
(ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர்)

திருவிழாக் காலங்களில் ஆலயங்களின் ஒலிபெருக்கியில் தவறாமற் கேட்கும் அறிவித்தல் ஒன்று உண்டு. “அடியார்கள் தங்கள் தங்க நகைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்” என்பதே அது. கள்ளனுக்குப் பயந்து வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வந்தவர்களுக்குக் கோயில் வீதியிலும் கள்ளப் பயம். ஆனால் அதே வேளையில் உள்ளே ஓதுவார் பாடும் தேவாரத்தில் எம்பெருமானே கள்வன் என்று போற்றப்படுகின்றான். வெளியே கள்ளன் என்றால் பொலிசுக்குச் சொல்கின்றோம். உள்ளே கள்வன் என்றால் கை கூப்புகின்றோம். ஒரே சொல் எப்படி இந்த இரண்டு இடத்திலும் நிற்கின்றது? இதனைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பது ஆலய மலருக்குப் பொருத்தமானதே எனக் கருதி இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

சொல்லின் வேர்

களவு, கள்ளம், கள்ளன், கள்வன், கள்ளி என்பன எல்லாம் ‘கள்’ என்னும் ஒரே அடியிற் பிறந்த சொற்கள். (பனையிலும் தென்னையிலும் இறக்கும் கள்ளையும், வேலியில் நிற்கும் கள்ளிச் செடியையும் இங்கே சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.) தமிழ்நாட்டார் திருட்டு, திருடன் என்று கூடுதலாகச் சொல்வார்கள். எமக்கு அவை புத்தகச் சொற்கள். நாம் களவு என்றும், களவெடுத்தான் என்றும், களவு போய்விட்டது என்றுமே பேசுகின்றோம்.

பிறர் பொருளை எடுப்பதைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்களும் உள்ளன. பறித்தல் என்றால் உடையவன் பார்த்திருக்க, அவன் கையிலிருந்து வலிந்து எடுப்பது. கொள்ளை என்றால் பலர் கூடி வெளிப்படையாக வாரிக்கொண்டு போவது. கொள்ளைக்காரன் தன்னை ஒளிப்பதில்லை. அவனுக்குப் பலம் இருக்கின்றது. களவு அப்படியன்று. உடையவன் அறியாதபடி, மறைவாக, ஓசைப்படாமல் நடப்பதே களவு. ஆகவே எடுத்தல் என்பது இச்சொல்லின் பாதிப் பொருள்தான். மறைத்தல் என்பதே அதன் உயிர். பொருள் எதுவுமே எடுக்கப்படாத இடத்திலும் மறைவு இருந்தால் அங்கே இந்தச் சொல் வந்து உட்கார்ந்து கொள்வதைக் காணலாம்.

எங்கள் பேச்சிலே களவு

பள்ளிக்கூடப் பிள்ளை வீட்டுக்குத் தெரியாமற் படம் பார்க்கப் போனால் “களவாய்ப் போயிருக்கிறான்” என்கின்றோம். அவன் ஒருவருடைய பொருளையும் எடுக்கவில்லை, மறைத்தான், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்துக்கு முன் அடுக்களைக்குள் நுழைந்து பலகாரப் பெட்டியைத் திறப்பது கள்ளத்தீன். அது அவன் தாய் அவனுக்காகவே சுட்டு வைத்த பலகாரமாக இருந்தாலும் கள்ளத்தீன்தான். கண்ணை மூடிக்கொண்டு விழித்திருப்பது கள்ளத்தூக்கம். உதட்டுக்குள் அடக்குவது கள்ளச்சிரிப்பு. மனத்தில் ஒன்றும் ஒளித்து வையாத குழந்தையைக் கள்ளமில்லாப் பிள்ளை என்று கொஞ்சுகின்றோம்.

இவை தீங்கற்றவை. இச்சொல் சந்தைக்கும் கந்தோருக்கும் போகும்போது பாரமாகி விடுகின்றது. கள்ளத் தராசு, கள்ளப் படி, கள்ளக் கணக்கு, கள்ளக் கையெழுத்து, கள்ள நோட்டு, கள்ள வாக்கு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். காணி உள்ள ஊர்களில் எல்லாரும் பயப்படும் சொல் கள்ள உறுதி. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்க, அவர் பெயரில் வேறொருவர் கையெழுத்திட்டுக் காணியை விற்றுவிடுவார்கள். காணி இருந்த இடத்திலேதான் இருக்கும்; ஒரு பிடி மண்ணும் அசையாது. ஆனால் களவு நடந்து முடிந்துவிடும்.

இச்சொல்லை நாம் அநியாயமாகப் பயன்படுத்திய இடம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். கள்ளத்தோணி என்பது அனுமதியின்றிக் கடலால் வந்து இறங்குபவரைக் குறிக்கும் சொல். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழ் மக்களை நோக்கி இந்தச் சொல் வீசப்பட்டது. பிறர் வீசினார்கள் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. எம்மவர் வாயிலும் அது வந்தது. அந்த மக்களின் முன்னோர் தோட்டங்களில் வேலை செய்வதற்கென்று ஆள் சேர்த்துக் கூட்டி வரப்பட்டவர்கள். களவாய் வந்தவர்கள் அல்லர். 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர்ந்த பின்னரும், அந்தச் சொல் தந்த நோவு எளிதில் ஆறவில்லை. உழைத்து உண்டவனைக் கள்ளன் என்று சொல்வது, அவனுடைய மானத்தைக் களவெடுப்பதாகும்.

இலக்கணத்திலே களவு

இனி இச்சொல்லின் மற்றொரு முகத்தைப் பார்ப்போம். தலைவனும் தலைவியும் பிறர் அறியாமல் தாமாகவே கண்டு அன்பு கொண்டு ஒழுகுவதைத் தமிழ் இலக்கணம் களவு என்று அழைக்கின்றது. ஊரறிய மணந்து இல்லறம் நடத்துவது கற்பு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியல், கற்பியல் என இரண்டு இயல்கள் உள்ளன. திருக்குறளின் காமத்துப்பாலும் களவியல் ஏழு அதிகாரம், கற்பியல் பதினெட்டு அதிகாரம் என்றே பிரிக்கப்பட்டுள்ளது. கள்ளாமை என்று ஓர் அதிகாரம் பாடி, களவைக் கடுமையாகக் கண்டித்த வள்ளுவரே பின்னர் களவியல் பாடியிருக்கின்றார் என்பது சிந்திக்கத் தக்கது.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. இந்தக் களவு பற்றிய நூல் ஒன்றை மதுரை ஆலவாய் இறைவனே அருளிச் செய்தான் என்பது மரபு. அறுபது சூத்திரங்களைக் கொண்ட அந்நூலுக்கு இறையனார் களவியல் என்றே பெயர். அதற்கு நக்கீரர் கண்டதாக வழங்கும் உரையிலே, களவு என்ற சொல்லைக் கேட்டவுடன் அது தீயது என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்று ஒரு விளக்கம் வருகின்றது. அதற்கு உரைகாரர் காட்டும் உதாரணம் மனத்தில் நிற்பது. ஒருத்தி வாழ்வை வெறுத்து, நஞ்சைக் கூட்டி வைத்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து உண்பதற்குக் காத்திருக்கின்றாள். இரக்கமுள்ள ஒருவன் இதைக் கண்டு, அவள் அறியாதபடி அந்த நஞ்சை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிடுகின்றான். அவள் வந்து தேடுகின்றாள், நஞ்சு இல்லை. உயிர் தப்பிவிடுகின்றது. பிறர் பொருளை உடையவர் அறியாமல் எடுத்ததனால் அது களவுதான். ஆனால் அந்தக் களவு அவனை நல்வினையிலே சேர்த்தது என்கின்றார் உரைகாரர்.

எம்மூர்க் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது வள்ளியம்மை திருமணப் பகுதிக்குக் கூட்டம் அதிகம். தினைப்புனத்திலே முருகப்பெருமான் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வேடங்கொண்டு வந்தது களவொழுக்கமே. ஆனால் அது அப்படியே மறைவில் நின்றுவிடவில்லை. நம்பிராசன் முன்னிலையில், குறவர் எல்லாரும் அறிய, திருமணமாக முடிந்தது. இலக்கணமும் அப்படித்தான் விதிக்கின்றது. களவு வெளிப்பட்டுக் கற்பாக வேண்டும். வெளிப்படாமல் தலைவியைக் கைவிடும் களவுக்கு அங்கே மதிப்பு இல்லை.

இறைவன் செய்யும் களவு

சீர்காழியிலே மூன்று வயதுக் குழந்தையாகிய திருஞானசம்பந்தர் அம்மையின் ஞானப்பாலை உண்டு பாடிய முதற் பதிகத்திலேயே, தம் உள்ளத்தைக் கவர்ந்து கொண்டவன் என்ற கருத்திலே இறைவனைக் கள்வன் என்கின்றார். எமது சமயத்தில் இறைவனுக்குக் கள்ளப் பெயர் சூட்டியவர் ஒருவர் இருவரல்லர். ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாளுக்குக் கள்ளபிரான் என்றும், மதுரைக்கு அருகிலுள்ள அழகர்கோயிற் பெருமாளுக்குக் கள்ளழகர் என்றும் திருநாமங்கள் உண்டு. கண்ணன் வெண்ணெய் களவெடுத்த கதையை அறியாத பிள்ளை இல்லை.

விநாயகப் பெருமானும் இதற்கு விலக்கல்லர். திருக்கடவூரில் எழுந்தருளியிருக்கும் பிள்ளையாருக்குக் கள்ள வாரணர் என்று பெயர். வாரணம் என்றால் யானை. பாற்கடலைக் கடைந்து அமுதம் பெற்ற தேவர்கள், பிள்ளையாரை வழிபட மறந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டனர். அவர் அந்தக் குடத்தை ஒளித்துவிட்டார். தேவர்கள் தங்கள் பிழையை உணர்ந்து வணங்கியபின் குடம் இருந்த இடம் தெரிந்தது. அது அங்கேயே சிவலிங்கமாகி அமிர்தகடேசுவரர் ஆயிற்று என்பது தலபுராணம்.

பெரியபுராணத்திலும் இத்தகைய களவுகள் உண்டு. அமர்நீதி நாயனாரிடம் அடியவர் ஒருவர் கோவணம் ஒன்றைப் பாதுகாக்கும்படி கொடுத்துவிட்டுப் போனார். வந்து கேட்டபோது கோவணம் இல்லை. மறைத்தவரும் வந்து கேட்டவரும் ஒரே ஆள், சிவபெருமானே. ஈடாக வைத்த செல்வம் எதற்கும் தராசு சமப்படாமல், ஈற்றிலே நாயனார் மனைவி மக்களுடன் தாமே தட்டில் ஏறியபோதுதான் அது நேர் நின்றது. சுந்தரமூர்த்தி நாயனார் சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடும் பொருளோடும் திரும்பி வரும் வழியில், திருமுருகன்பூண்டிக்கு அண்மையில், சிவபூதங்கள் வேடராய் வந்து எல்லாவற்றையும் பறித்தன. சுந்தரர் கோயிலுக்குப் போய் உரிமையோடு பதிகம் பாடினார். பறித்த பொருள் முழுவதும் கோயில் வாசலிலே குவிந்தது.

இந்தக் கதைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகின்றது. ஒவ்வொன்றிலும் மறைக்கப்பட்டது பின்னர் வெளிப்படுகின்றது. அமுதகுடம் வெளிப்பட்டது, சுந்தரரின் பொருள் திரும்பியது, அமர்நீதியாரின் அன்பு உலகறிந்தது. சைவசித்தாந்தம் இறைவனுக்கு ஐந்தொழில் கூறுகின்றது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்பன அவை. மறைத்தலுக்கு அடுத்த படி அருளல். உயிர் பக்குவமடையும் வரை இறைவன் தன்னை ஒளித்துக்கொள்கின்றான். பக்குவம் வந்ததும் காட்டிக் கொடுத்துவிடுகின்றான். வெளிப்படுவதற்காகவே மறைப்பது இறைவனின் களவு. ஒருநாளும் வெளிப்படக் கூடாது என்று மறைப்பது மனிதனின் களவு. கோயிலுக்கு உள்ளே போற்றப்படும் கள்வனுக்கும் கோயில் வீதியில் நாம் பயப்படும் கள்ளனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சட்டம் சொல்வதும் வள்ளுவர் சொல்வதும்

முப்பது வருடத்துக்கு மேல் அரச கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவன் என்பதால், சட்டத்தையும் சிறிது தொட்டுச் செல்கின்றேன். எமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 366ஆம் பிரிவு களவு எது என்று கூறுகின்றது. அசையும் பொருளொன்றை, நேர்மையற்ற எண்ணத்தோடு, அதை வைத்திருப்பவரின் சம்மதமின்றி, எடுப்பதற்காக அசைத்தால் அது களவு. நிலத்தில் நிற்கும் மரம் அசையும் பொருளன்று. அதை வெட்டி வீழ்த்தியவுடன் அசையும் பொருளாகிவிடும். சட்டம் இப்படிப் பொருள் அசையும் கணத்துக்காகக் காத்திருக்கின்றது.

வள்ளுவர் காத்திருக்கவில்லை. பிறருடையதை எடுக்கலாமே என்று மனம் எண்ணிய அந்த நேரமே குற்றம் பிறந்துவிட்டது என்பது கள்ளாமை அதிகாரத்தில் அவர் கூறும் கருத்து. யோகநூலார் இயமங்களுள் ஒன்றாகக் கள்ளாமையை வைத்ததும் இதனாலேயே. எமது நாவலர் பெருமானும் பிள்ளைகளுக்கென எழுதிய பாலபாடத்திலே களவுக்கெனத் தனிப் பாடம் வைத்தார். சிறு வயதில் மனத்தைத் திருத்தாவிட்டால் முதுமையில் கையைத் திருத்த முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சட்டக்கோவையிலே 388ஆம் பிரிவு என்று மற்றொன்று உண்டு. அது நம்பிக்கை மோசடியைப் பற்றியது. இங்கே குற்றவாளி சுவர் ஏறிக் குதிப்பவன் அல்லன். பொருளை உடையவரே அவனை நம்பித் தம் கையால் ஒப்படைத்திருக்கின்றார். அவன் அதைத் தன் தேவைக்கு மாற்றிக்கொள்கின்றான். பூட்டு உடையவில்லை, நாய் குரைக்கவில்லை. திறப்பு அவனிடமே இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது. கோயிற் பொருளைப் பொறுத்தவரை வெளிக் கள்ளனைவிட நாம் அதிகம் பயப்பட வேண்டியது இந்தக் களவுக்கே.

ஆலயப் பொருள்

கோட்புலி நாயனார் புராணத்தைப் பலரும் அதன் கடுமைக்காகவே நினைவில் வைத்திருக்கின்றனர். அவர் திருவமுதுக்கென நெல்லைச் சேர்த்து வைத்து, அதைத் தொடக் கூடாது என்று சுற்றத்தாரிடம் ஆணையிட்டுவிட்டுப் போருக்குப் போனார். பஞ்சம் வந்தது. சுற்றத்தார் அந்த நெல்லை எடுத்து உண்டனர். திரும்பி வந்த நாயனார் அவர்களை வாளுக்கிரையாக்கினார். அந்தத் தண்டனையை இன்று நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் சுற்றத்தார் நெல்லை எடுக்கும்போது சொல்லிக்கொண்ட நியாயத்தைக் கவனிக்க வேண்டும். இப்போது எடுத்து உயிர் பிழைப்போம், பின்னர் கொடுத்துவிடுவோம் என்பதே அது. அவர்கள் பரம்பரைக் கள்ளர் அல்லர், பசித்த உறவினர். “பிறகு வைத்துவிடலாம்” என்ற எண்ணம் அவர்களைக் கெடுத்தது.

கந்தோர்களில் காசேட்டோடு இருந்தவர்களுக்கு இந்த வாசகம் நன்கு தெரியும். அரச காசிலே கை வைத்து வேலை இழந்தவர்களில், களவெடுக்க வேண்டும் என்று தீர்மானித்துத் தொடங்கியவர் குறைவு. மாதக் கடைசியில் எடுத்துச் சம்பளத்தன்று வைப்போம் என்று தொடங்கியவர்களே அதிகம். முதல் மாதம் வைத்தும் இருப்பார்கள். ஆனால் எடுத்ததை ஒருவரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். பணம் திரும்பி வந்தாலும் அந்த மறைவு மனத்தில் தங்கிவிட்டது. இரண்டாம் மாதம் கை கூசுவதில்லை.

“தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா” என்றொரு பழமொழியைச் சொல்லிச் சிரிப்பார்கள். கோயிற் காரியத்தில் இருப்பவன் ஏதாவது எடுக்கத்தான் செய்வான் என்பது அதன் உட்கருத்து. இது இரண்டு வகையில் தீங்கானது. எடுப்பவனுக்கு இது அனுமதிப் பத்திரம் கொடுக்கின்றது. எடுக்காதவனுக்கும் கள்ளப் பட்டம் சூட்டுகின்றது. ஒரு சதம் தொடாத தொண்டர்கள், ஊர் வாய்க்குப் பயந்து திருப்பணிச் சபைகளை விட்டு ஒதுங்குவது இதனாலேயே.

சிவாலயங்களில் சண்டேசுவரர் சந்நிதியில் மெல்லக் கை தட்டி வணங்குகின்றோம். கோயிலிலிருந்து எதனையும் எடுத்துச் செல்லவில்லை என்று வெறுங்கையைக் காட்டுவதாக அதற்குப் பெரியோர் விளக்கம் கூறுவர். சோழர் காலக் கல்வெட்டுக்களில் சிவாலயங்களின் காணி, பொன் முதலியன சண்டேசுவரர் பெயரிலேயே வாங்கப்பட்டும் கொடுக்கப்பட்டும் உள்ளன. அவரே கோயிற் கணக்குக்குப் பொறுப்பானவர். அந்தக் கணக்கைக் கல்லிலே வெட்டி, எல்லாரும் பார்க்கும் மதிலிலே வைத்தார்கள் என்பதுதான் முக்கியம். மறைவே களவுக்கு உயிர் என்றால், வெளிச்சமே அதற்கு மருந்து என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

தஞ்சைப் பகுதியிலுள்ள பத்தூரில் 1976ஆம் ஆண்டு மண்ணுக்குள்ளிருந்து நடராசர் திருவுருவம் ஒன்று கிடைத்தது. கண்டெடுத்தவர் ஊரறியச் சொல்லவில்லை. அது இரகசியமாகக் கைமாறிக் கைமாறி இலண்டன் வரை போயிற்று. வழக்கு நடந்தது. பாழடைந்து கிடந்த அந்தக் கோயிலே தன் பொருளைக் கேட்டு வழக்காடும் உரிமை உடையது என்று அங்கேயுள்ள நீதிமன்றம் ஏற்றது. 1988இல் தீர்ப்பு, 1991இல் மேன்முறையீடும் தள்ளுபடி. அந்த ஆண்டே நடராசர் நாடு திரும்பினார். கோயில் வாய் திறந்து கேட்காது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

நாம் செய்ய வேண்டியவை

இதுவரை கூறியவற்றை எமது ஆலயத்துக்குப் பொருத்திச் சில கூறி முடிக்கலாம்.

1. உபயகாரரும் அடியார்களும் காசு கொடுக்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்பது சந்தேகப்படுவதாகாது. வாங்குபவரைப் பழியிலிருந்து காப்பதாகும். வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் அனுப்பப்படும் காசுக்கும் இது பொருந்தும்.

2. உண்டியல் பலர் முன்னிலையில் திறக்கப்பட்டு, எண்ணப்பட்டு, தொகை அன்றே எழுதி ஒட்டப்பட வேண்டும்.

3. திருவாபரணங்கள், பாத்திரங்கள், விளக்குகள், விக்கிரகங்கள் ஆகியவற்றுக்குப் பொருட்பதிவேடும் படங்களும் இருக்க வேண்டும். படமில்லாத விக்கிரகம் களவு போனால், கண்டுபிடித்தாலும் எமதென்று நிரூபிப்பது கடினம்.

4. “பிறகு வைக்கலாம்” என்ற பேச்சு, எண்ணெய்ப் போத்தல் ஒன்றுக்காயினும், கோயிலில் வேண்டாம். உண்மையான தேவையுள்ளவர் சபையிடம் வெளிப்படையாகக் கேட்கட்டும்.

5. சான்றில்லாமல் ஒருவரையும் கள்ளன் என்று சொல்லாதிருப்போம். சந்தேகம் இருந்தால் ஒழுங்கையில் நின்று பேசாமல் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்போம்.

“களவும் கற்று மற” என்பார்கள். இப்பழமொழிக்கு வேறு பாடங் கூறுவாரும் உளர். களவு எப்படி எப்படியெல்லாம் வருகின்றது என்பதை அறிந்து, அதனைச் செய்யாது விடுதல் என்று நான் பொருள் கொள்கின்றேன். ஒரு காரியத்தைச் செய்யும்போது, இதை அயலவர் பார்த்தால் கூசுவேனா, இதைக் கணக்கிலே எழுதத் தயங்குவேனா என்று எம்மை நாமே கேட்டுக்கொண்டால் போதும். ஒளிக்க வேண்டியிருந்தால் அது களவு. சொல்லக் கூடியதாக இருந்தால் அது தொண்டு.

எமது பொருளை எவரும் களவாடாமலும், பிறர் பொருளை நாம் மனத்தாலும் தீண்டாமலும், எங்கள் உள்ளங்களை மாத்திரம் எம்பெருமான் களவாடிக்கொண்டு போகவும் அவனது திருவடிகளையே வேண்டிப் பணிகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.